நாற்றை இரவில் மேயும் ஓடில்லா நத்தை: தாவரக் கரைசல் எந்த அளவுக்குக் கைகொடுக்கும்?

முந்தின நாள் மாலை வரை செழிப்பாக நின்ற முட்டைக்கோஸ் நாற்று, காலையில் போய்ப் பார்த்தால் வெறும் தண்டாக நிற்கிறது. பக்கத்துப் பாத்தியில் செண்டுமல்லிக் கன்றுகளின் இலையெல்லாம் ஓட்டை. புழுவாகத்தான் இருக்கும் என்று பூச்சிமருந்து வாங்கி வந்து அடிக்கிறீர்கள். மறுநாள் இன்னும் நான்கு வரிசை போய்விடுகிறது. மருந்தை மாற்றி மறுபடியும் அடிக்கிறீர்கள். நாற்றும் போனது, மருந்துக்குக் கொடுத்த பணமும் போனது.

மழைக்காலத்தில் இப்படி நடந்தால், அடுத்த மருந்து வாங்கப் போவதற்கு முன் டார்ச் விளக்கை எடுத்துக்கொண்டு இரவு எட்டு மணிக்கு மேல் தோட்டத்துக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். ஓடு இல்லாத நத்தைகள் பாத்தியில் மேய்ந்துகொண்டிருப்பதைக் காணலாம். பலர் இதை அட்டை என்றோ, புழு என்றோ நினைத்துவிடுகிறார்கள். இரண்டும் இல்லை. இது நத்தை இனத்தைச் சேர்ந்த மெல்லுடலி. பூச்சிக்கான மருந்து இதனிடம் பெரும்பாலும் எடுபடாமல் போவதற்குக் காரணமும் அதுதான். அதுமட்டுமல்ல, ஓடில்லா நத்தைகளைப் பிடித்துத் தின்னும் தரை வண்டுகளை அந்த மருந்து கொன்றுவிடவும் கூடும். அப்படி நடந்தால், காசு கொடுத்து நத்தைக்கு வழிவிட்டவர்கள் ஆகிறோம்.

புழுவா, நத்தையா?

பகலிலேயே அடையாளம் காண ஒரு வழி உண்டு. புழு கடித்த செடியில் இலை மேலும் கீழும் சிறு உருண்டைகளாக அதன் எச்சம் கிடக்கும். நத்தை கடித்த இடத்தில், இலையிலும் மண்ணிலும் காய்ந்த பசை போலப் பளபளக்கும் தடம் தெரியும். காலை வெயில் சாய்வாக விழும்போது பார்த்தால் அந்தத் தடம் நன்றாகத் தெரியும். இலையின் ஓட்டைகள் ஒழுங்கற்று, ஓரம் கிழிந்தாற்போல இருக்கும். இளம் நாற்றாக இருந்தால் தூரோடு கடித்துவிடும்.

பகலில் இது மண்கட்டிக்கு அடியிலும், கல் இடுக்கிலும், மூடாக்குக்குக் கீழும், நாற்றுப் பைகளின் அடியிலும் ஒளிந்துகொள்ளும். முட்டைகளை ஈர மண்ணின் வெடிப்புகளில் கொத்தாக இடும். பளிங்குபோல் உருண்டையாக இருக்கும் அந்த முட்டைகளை உரம் என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். நீலகிரி, கொடைக்கானல் போன்ற மலைக் காய்கறித் தோட்டங்களில் ஈரம் நிற்கும் மாதங்களில் எல்லாம் இதன் தொல்லை உண்டு. சமவெளியில் வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் கீரை, செண்டுமல்லி, அவரை, கத்தரி நாற்றங்கால், வெள்ளரி வகைக் கன்றுகள் ஆகியவற்றில் தலைகாட்டும்.

கடையில் கிடைக்கும் குருணை

நத்தைக்கென்றே விற்கப்படும் மெட்டால்டிஹைடு குருணை வேலை செய்யும் மருந்துதான். ஆனால் அதை நாய், கோழி, பறவை எது தின்றாலும் ஆபத்து. தோட்டத்துக் காவல் நாய் ஒருமுறை அதைத் தின்றுவிட்டால் காப்பாற்றுவது கடினம். பறவைகளுக்கும் பாலூட்டி விலங்குகளுக்கும் உள்ள ஆபத்தைக் காரணம் காட்டி, பிரிட்டன் 2022-ல் திறந்தவெளியில் இதன் பயன்பாட்டை நிறுத்திவிட்டது. வீட்டையொட்டிக் கோழியும் ஆடும் மேயும் நம் தோட்டங்களில் இதைத் தூவுவதற்கு முன் இருமுறை யோசிக்க வேண்டும்.

அதனால்தான் பூண்டு, காபி, வேம்பு, பூந்திக்கொட்டை என்று தாவரக் கரைசல்களைத் தேடுகிறோம். இவை பலன் தருமா என்றால், தரும். ஆனால் எது நத்தையைக் கொல்லும், எது விரட்டும், எது செடியின் சுவையை மட்டும் கெடுக்கும் என்று தெரிந்து பயன்படுத்த வேண்டும். அது தெரியாமல் அடித்தால், இரண்டு நாளில் ‘இயற்கை முறை எல்லாம் சும்மா’ என்ற முடிவுக்கு வந்துவிடுவோம்.

முதலில் ஒரு கணக்கு. ஒரு ஏக்கர் நடவுக்குத் தேவையான நாற்றங்கால் சில சென்ட் இடம்தான். பெரும்பாலான காய்கறிகளில் நத்தையால் பெரிய நஷ்டம் ஏற்படுவது, நாற்றங்காலிலும் நடவு செய்த முதல் இருபது நாள்களிலும்தான். தண்டு முற்றி, இலை பெருகிவிட்டால் நான்கு இலையில் ஓட்டை விழுந்தாலும் செடி தாங்கிக்கொள்ளும். ஆகவே ஏக்கர் முழுவதும் நத்தையை ஒழிப்பது நம் நோக்கமாக இருக்க வேண்டியதில்லை. அந்த இருபது நாள் நாற்றைக் காப்பாற்றிக் கொடுத்தால் போதும். அந்த வேலையைத் தாவரக் கரைசல் செய்யும். கீரை, முட்டைக்கோஸ், ஸ்ட்ராபெரி போன்றவற்றில் மட்டும் அறுவடை வரை கவனம் தேவை. அங்கே கரைசலை விடக் கைப்பிடிப்பும் பொறியும்தான் கைகொடுக்கும்.

காபி: தவளையைத் தேடியபோது கிடைத்தது

அமெரிக்காவின் ஹவாய் தீவுகளில், வெளியிலிருந்து வந்து பெருகிவிட்ட ஒரு வகைத் தவளையைக் கட்டுப்படுத்த வேளாண் ஆய்வாளர்கள் காஃபின் கரைசலைத் தெளித்துப் பார்த்தார்கள். அப்போது அங்கிருந்த ஓடில்லா நத்தைகள் செத்துக் கிடப்பது கண்ணில் பட்டது. தொடர்ந்து ஆய்வு செய்து, அதன் முடிவை 2002-ல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டார்கள். 1 முதல் 2 சதவீதக் காஃபின் கரைசலை மண்ணில் ஊற்றியபோது நத்தைகள் மண்ணை விட்டு வெளியேறின. பெரும்பாலானவை இரண்டு நாள்களில் மடிந்தன. வெறும் 0.01 சதவீதக் கரைசல் தெளித்த இலையைக்கூட அவை குறைவாகவே தின்றன.

இந்த இரண்டு அளவுகளுக்கும் உள்ள இடைவெளியைக் கவனியுங்கள். காபித்தூளில் காஃபின் தோராயமாக நூற்றுக்கு ஒன்று முதல் இரண்டு பங்குதான். 2 சதவீதக் கரைசல் ஒரு லிட்டர் தயாரிக்க ஒரு கிலோவுக்கும் மேல் காபித்தூள் தேவைப்படும். அது கட்டுப்படியாகாது. அத்தனை அடர்த்தியான கரைசல் சில செடிகளின் இலையையும் பாதிக்கும். ஆனால் 0.01 சதவீதம் என்பது எட்டக்கூடிய அளவு. சுத்தமான காபித்தூள் 150 கிராமை இரண்டு லிட்டர் தண்ணீரில் கால் மணி நேரம் கொதிக்க வைத்து, ஆறிய பின் வடிகட்டி, 10 லிட்டராக்கித் தெளித்தால் ஏறக்குறைய அந்த அளவு வந்துவிடும். இது நத்தையைக் கொல்லாது. நாற்றைத் தின்ன விடாமல் தடுக்கும்.

இரண்டு விஷயங்களை மறக்க வேண்டாம். நம் வீடுகளில் புழங்கும் காபித்தூளில் சிக்கரி கலந்திருக்கும். சிக்கரியில் காஃபின் இல்லை. ஆகவே சிக்கரி கலக்காத தூளாகக் கேட்டு வாங்குங்கள். ரொபஸ்டா ரகத் தூளில் அரபிக்காவைவிடக் காஃபின் அதிகம், விலையும் பொதுவாகக் குறைவு. அடுத்து, டிகாக்‌ஷன் இறக்கிய பின் மிஞ்சும் சக்கையில் காஃபினின் பெரும்பகுதி போய்விடும். அதைப் பாத்தியைச் சுற்றிக் கொட்டிவிட்டு நத்தை வராது என்று நம்பியிருக்க முடியாது. அதை மக்குகுழியில் போடுவதே நல்லது.

பூண்டு: கொதிக்க வைக்கக் கூடாது

பூண்டின் காரமான நெடி நத்தைக்கு ஆகாது. இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2000-களின் தொடக்கத்தில் பல பொருள்களை நத்தைகள் மீது சோதித்தபோது, அடர்த்தியான பூண்டுச் சாறு அவற்றை விரட்டவும் கொல்லவும் செய்ததைக் கண்டார்கள். நம் நாட்டில் கோரக்பூர் பல்கலைக்கழக விலங்கியல் துறையினரும் பூண்டு, வேம்பு உள்ளிட்ட பல தாவரங்களை நன்னீர் நத்தைகள் மீது சோதித்திருக்கிறார்கள். கால்நடைகளுக்கு ஈரல் தட்டைப்புழு நோயைக் கடத்துவது அந்த நத்தைகள்தான்.

பூண்டுக் கரைசல் தயாரிப்பதில் பலர் செய்யும் தவறு, வேக வைப்பது. பூண்டை நசுக்கும்போதுதான் அதன் காரப்பொருள் உருவாகிறது. அதற்குக் காரணமான நொதி சூட்டில் செயலிழந்துவிடும். முழுப் பூண்டை அப்படியே கொதிக்க வைத்தால் நெடி மிஞ்சாது. காபியைக் கொதிக்க வைக்க வேண்டும், பூண்டைக் கொதிக்க வைக்கக் கூடாது என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கால் கிலோ பூண்டைத் தோலோடு இடித்து, பத்து நிமிடம் அப்படியே விடுங்கள். பிறகு ஒரு லிட்டர் தண்ணீரில் மூடி வைத்து, இரவு முழுவதும் ஊறவிட்டு, மெல்லிய துணியில் பிழிந்து வடிகட்டுங்கள். 10 கிராம் காதி சோப்பைக் கரைத்துச் சேர்த்து, மொத்தம் 5 லிட்டராக்கித் தெளிக்கலாம். இதைத் தொடக்க அளவாக வைத்துக்கொண்டு, உங்கள் பயிருக்கு ஏற்பக் கூட்டலாம், குறைக்கலாம். சந்தையில் கழிக்கும் பொடிப்பூண்டு இதற்குப் போதும். பூண்டு விலை ஏறிக் கிடக்கும் நாளில், நாற்றங்காலுக்கும் வயலோரத்து இரண்டு வரிசைக்கும் மட்டும் அடித்தால் போதும். கீரையில் அறுவடைக்கு முந்தைய நாள்களில் அடிக்க வேண்டாம், நெடி தங்கிவிடும்.

வேம்பு: கசப்புதான் அதன் பலம்

ஐந்து சதவீத வேப்பங்கொட்டைக் கரைசல் உங்களுக்குப் புதிதல்ல. அரை கிலோ வேப்பம்பருப்பை இடித்துத் துணியில் கட்டி, தண்ணீரில் இரவு ஊறவைத்துப் பிழிந்து, 10 லிட்டராக்கி, 10 முதல் 20 கிராம் சோப் சேர்த்தால் கரைசல் தயார். புழு, அசுவினிக்கு எதிராக இது செய்யும் வேலையை நத்தையிடம் அதே அளவில் எதிர்பார்க்க முடியாது. இலையின் சுவையைக் கெடுத்து, தின்பதைக் குறைக்கும், அவ்வளவுதான். ஆனால் மழைக்கால நாற்றுக்குப் புழுவும் வரும், நத்தையும் வரும். ஒரே தெளிப்பில் இரண்டையும் தணிக்கலாம் என்பது இதில் உள்ள லாபம். வேம்பின் வீரியம் வெயிலில் குறையும் என்பதால் மாலையில்தான் அடிக்க வேண்டும்.

பூந்திக்கொட்டை: இங்கேதான் எச்சரிக்கை

எத்தியோப்பியாவின் அட்வா நகரில் 1964-ல் அக்லிலு லெம்மா என்ற இளம் விஞ்ஞானி, நத்தைகள் மூலம் மனிதருக்குப் பரவும் பில்ஹார்சியா நோயை ஆராய்ந்துகொண்டிருந்தார். ஓடையில் பெண்கள் துணி துவைக்கும் இடத்துக்குக் கீழே மட்டும் நத்தைகள் செத்து மிதப்பதைப் பார்த்தார். அந்தப் பெண்கள் சோப்புக்குப் பதில் ‘எண்டோட்’ என்ற செடியின் காயைப் பயன்படுத்தினார்கள். அதில் நுரை தரும் சப்போனின் என்ற பொருள்தான் நத்தையைக் கொன்றது. இந்தப் பணிக்காக 1989-ல் அவருக்குச் சக ஆய்வாளருடன் சேர்த்து ரைட் லைவ்லிஹுட் விருது கிடைத்தது.

நம் ஊரில் பட்டுச்சேலை அலசவும் நகை கழுவவும் பயன்படுத்தும் பூந்திக்கொட்டையிலும், சீயக்காயிலும் இருப்பது அதே வகைப் பொருள்தான். இறால் பண்ணைக்காரர்கள் குளத்தில் வேண்டாத மீன்களைக் கொல்லப் போடும் தேயிலை விதைப் பிண்ணாக்கிலும் சப்போனின்தான் வேலை செய்கிறது. ஆசிய நாடுகள் சிலவற்றில் நெல் வயல் நத்தைகளுக்கும் அந்தப் பிண்ணாக்கைப் போடுகிறார்கள்.

அங்கேதான் சிக்கல். நத்தையைக் கொல்லும் சப்போனின் மீனையும் கொல்லும். மண்புழுவையும் மேலே வரவைத்துச் சாகடிக்கும். செடியிலிருந்து எடுத்தது என்பதால் மட்டும் ஒரு பொருள் பாதுகாப்பானது ஆகிவிடாது. எனவே பூந்திக்கொட்டைக் கரைசலைப் பாத்தி மண்ணில் ஊற்ற வேண்டாம். குளம், கிணறு, வாய்க்கால், மீன் குட்டை அருகே அறவே வேண்டாம். நாற்றுப் பைகள் அடுக்கிய சிமென்ட் தரை, நிழல்வலைக் கூடத்தின் நடைபாதை போன்ற இடங்களில், கழிவுநீர் நீர்நிலைக்குப் போகாது என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் பயன்படுத்துங்கள்.

புகையிலைக் கசாயத்தையும் சிலர் பரிந்துரைப்பார்கள். அதில் உள்ள நிகோடின் தோல் வழியாகவே நம் உடலில் ஏறும் கடும் நஞ்சு. நன்மை செய்யும் பூச்சிகளையும் கொல்லும். தக்காளி, மிளகாயைத் தாக்கும் புகையிலைத் தேமல் நச்சுயிரியும் அதன் வழியே வயலுக்கு வரக்கூடும். அதை விட்டுவிடுவதே நல்லது.

பொறி இல்லாமல் கரைசல் இல்லை

விரட்டும் கரைசலை மட்டும் அடித்தால் நத்தை பக்கத்துப் பாத்திக்குப் போகும். மழை வந்து கரைசலைக் கழுவியதும் திரும்பி வரும். ஆகவே விரட்டும்போதே பிடிக்கவும் வேண்டும். நனைத்த சாக்குப்பைக்குள் பப்பாளி இலை, தண்டு அல்லது கழித்த முட்டைக்கோஸ் இலையைப் போட்டு, மாலையில் வரப்போரம் வையுங்கள். காலையில் வெயில் ஏறும் முன் சாக்கைத் தூக்கிப் பார்த்தால் நத்தைகள் கூடியிருக்கும். கையுறை போட்டு எடுத்து, அடர்த்தியான உப்புநீர் அல்லது சோப்புநீர் உள்ள வாளியில் போட வேண்டும். அந்த உப்புநீரை வயலில் ஊற்றவும் கூடாது, நத்தையைக் கொல்லப் பாத்தியில் உப்பைத் தூவவும் கூடாது. நத்தையோடு மண்ணும் கெடும்.

தண்ணீர் பாய்ச்சுவதை மாலையிலிருந்து காலைக்கு மாற்றுங்கள். இரவில் மேல்மண் காய்ந்திருந்தால் நத்தை நகரச் சிரமப்படும். நாற்றங்காலைச் சுற்றி இரண்டடி அகலத்துக்குக் களை, கல், பழைய சாக்கு எதுவும் இல்லாமல் துப்புரவாக வையுங்கள். நாற்று இளமையாக இருக்கும்வரை மூடாக்கைத் தண்டிலிருந்து தள்ளிப் போடுங்கள். வாத்து வளர்ப்பவர்கள் நடவுக்கு முன் நிலத்தில் மேயவிடலாம். நட்ட பின் விட்டால் நாற்றையும் சேர்த்துத் தின்றுவிடும்.

ஓடுள்ள ஆப்பிரிக்க ராட்சத நத்தை 1847-ல் கொல்கத்தாவுக்குக் கொண்டுவரப்பட்டு, பிறகு நாட்டின் பல பகுதிகளுக்கும் பரவியது. அது ஓட்டுக்குள் ஒடுங்கிக்கொள்ளும் என்பதால் கரைசலுக்கு எளிதில் மசியாது. அதற்குப் பிடித்து அழிப்பதுதான் முதல் வழி. உங்கள் ஊரில் அது தென்பட்டால் பக்கத்து வயல்காரர்களும் ஒரே வாரத்தில் சேர்ந்து பிடிக்க வேண்டும். ஒருவர் மட்டும் பிடித்தால் பயனில்லை.

நத்தைகளை வெறும் கையால் தொட வேண்டாம். எலிகளிடமிருந்து தொற்றும் ஒரு வகைப் புழு இவற்றின் உடலில் இருக்கக்கூடும். அது மனிதருக்கு மூளை உறையைப் பாதிக்கும் நோயை உண்டாக்கும். குழந்தைகளை நத்தையோடு விளையாட விடாதீர்கள். நத்தை ஊர்ந்த தோட்டத்துக் கீரையைப் பலமுறை கழுவி, நன்றாக வேக வைத்தே சாப்பிடுங்கள்.

உங்கள் நிலத்தில் நீங்களே சோதியுங்கள்

பக்கத்து ஊரில் பலன் தந்த கரைசல் உங்கள் மண்ணிலும் மழையிலும் அதே பலனைத் தரும் என்று சொல்ல முடியாது. செலவில்லாத சோதனை ஒன்று இருக்கிறது. ஒரே அளவில் நான்கு சிறு பாத்திகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றிலும் இருபது நாற்று. ஒன்றில் பூண்டு, ஒன்றில் காபி, ஒன்றில் வேம்பு. நான்காவதில் வெறும் தண்ணீர். இந்த நான்காவது பாத்திதான் முக்கியம். அது இல்லாவிட்டால் நத்தை குறைந்தது கரைசலாலா, மழை விட்டதாலா என்று தெரியாது.

முதல் நாள் ஒவ்வொரு கரைசலையும் இரண்டு நாற்றில் மட்டும் அடித்து, இலை கருகுகிறதா என்று இரண்டு நாள் பாருங்கள். கருகவில்லை என்றால், மழை வராது என்று தோன்றும் மாலையில் ஐந்து மணிக்கு மேல், இலையின் இரு பக்கமும் தண்டைச் சுற்றியுள்ள மேல்மண்ணும் நனையும்படி தெளியுங்கள். மூன்று, நான்கு நாளுக்கு ஒருமுறையும், மழை கழுவிவிட்டால் அன்று மாலையும் மறுபடி அடிக்க வேண்டும். ஒவ்வொரு நாள் காலையிலும் கடிபட்ட நாற்றுகளை எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு வாரத்தில் உங்கள் நோட்டுப் புத்தகமே பதில் சொல்லிவிடும். எந்தப் பாத்தியில் அதிக நாற்று தப்பியது, அதற்கு எவ்வளவு செலவானது என்று பார்த்து, அந்தக் கரைசலை நாற்றங்கால் முழுவதற்கும் எடுத்துக்கொள்ளலாம்.

நான்கு பாத்தியிலும் சேதம் ஒரே மாதிரி இருந்தால் கரைசலை விட்டுவிட்டு, சாக்குப் பொறியையும் இரவு டார்ச் விளக்கையும் நம்புங்கள். தொல்லை கட்டுக்கு மீறினால், பிடித்த நத்தை இரண்டை மூடி போட்ட பாட்டிலில் எடுத்துக்கொண்டு அருகிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்தையோ, வட்டாரத் தோட்டக்கலை அலுவலரையோ பாருங்கள். என்ன வகை நத்தை என்று தெரிந்தால் அதற்கேற்ற வழி சொல்வார்கள்.

மழை தொடங்கும் முன் இரண்டு பழைய சாக்கும், கால் கிலோ பொடிப்பூண்டும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். விதை தூவிய அன்று மாலையே முதல் சாக்கை வரப்போரம் நனைத்துப் போட்டுவிடுங்கள்.